நரை விழட்டும், நம்பிக்கை நரைக்க வேண்டாம்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

பாவங்களை எண்ணச் சொன்னால் நாம் வட்டி, மது, பொய், புறம், கோள் என்று வரிசையாக எண்ணிவிடுவோம். அந்த வரிசையில் நிராசையைச் சேர்ப்பவர்கள் மிகச் சிலரே. அல்லாஹ்வின் ரஹ்மத்தில் நம்பிக்கை இழப்பவர்கள் வழி தவறியவர்களே என்று ஹஜ்ரத் இப்ராஹீம் (அலை) அவர்கள் கூறியதை ‘அல்ஹிஜ்ர்’ அத்தியாயத்தில் ஓதுகிறோம். நம் தலையைச் சுமையால் நசுக்கும் அளவுக்குப் பெரிய பாவம் செய்தவனுக்குத்தான் அந்த எச்சரிக்கை என்று நினைத்து, அடுத்த ஆயத்துக்குப் போய்விடுகிறோம்.

நிராசை பாவியின் வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. ஐவேளைத் தொழுகையை விடாதவர், ஹலாலான சம்பாத்தியம் தவிர வேறு அறியாதவர், தம் தொழிலில் இருபது முப்பது ஆண்டு அனுபவம் பெற்றவர் ஆகியோரின் வீட்டுக்கும் அது வருகிறது. வரும்போது நிராசை என்ற பெயரில் வருவதில்லை. ‘அனுபவம்’ என்ற பெயரில் வருகிறது. ஆகையால்தான் நாம் அதற்குக் கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம்!

நம் கண்முன் காணும் காட்சி

சென்னை அசோக் நகரை எடுத்துக்கொள்வோம். 1961-இல் அமைந்த வீட்டு வசதி வாரியம் வகுத்துக் கொடுத்த மனைகளும் குடியிருப்புகளுமாக வளர்ந்த பகுதி அது. நான்கு சிங்கம் தாங்கிய தூண் நடுவே நிற்க, எண்ணிட்ட அவென்யூக்கள் நேராகப் பிரிந்து செல்லும். இராமநாதபுரம், தஞ்சை, நெல்லை, ஆற்காடு எனப் பல சீமைகளிலிருந்தும் உத்தியோகத்துக்காகச் சென்னை வந்த நம் மக்கள் அங்கும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். வங்கி அதிகாரிகள், டாக்டர்கள், ஆசிரியைகள், 1958-இல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த பொறியாளர்கள், இன்று கணினி நிறுவனங்களுக்கு மெட்ரோ ரயிலில் போய் வருகிறவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள்.

இத்தகைய வீடுகளில் மஃரிபுக்குப் பின் நடக்கும் பேச்சைச் சற்றுக் கேட்டுப் பாருங்கள். படிப்பை முடித்து வேலையில் சேர்ந்து ஆறு மாதமே ஆன மகன், “வாப்பா, எங்கள் பிரிவில் இதை இப்படி மாற்றினால் நன்றாக இருக்கும் என்று சொல்லப்போகிறேன்” என்கிறான். வாப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரிக்கிறார். “நானும் உன் வயதில் இப்படித்தான் சொன்னேன். எதுவும் நடக்காது. சம்பளத்தை வாங்கினோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இரு” என்கிறார். உம்மா சோற்றைப் பரிமாறுகிறார். மகன் பேசாமல் சாப்பிடுகிறான்.

அந்தத் தந்தை பொய் சொல்லவில்லை. பிள்ளையின் மீது பிரியம் இல்லாமலும் சொல்லவில்லை. தாம் பட்டது பிள்ளை படக்கூடாது என்ற பாசத்தில்தான் சொன்னார். ஆனால், அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்தது? பிள்ளையின் உள்ளத்தில் அல்லாஹ் ஏற்றி வைத்திருந்த ஒரு விளக்கு ஊதி அணைக்கப்பட்டது. அணைத்தவர் அந்நியர் அல்லர், பெற்ற தந்தை!

நம் தொழிலில் நாம் சோர்ந்து போனால் நஷ்டம் நம்மோடு முடிந்துவிடும் என்று எண்ணுகிறோமே, அது சரியன்று. அது பிள்ளைக்குப் போகிறது. நமக்குக் கீழே வேலை பழகுகிற இளைஞனுக்குப் போகிறது. நேர்மையாய் இருந்து பயனில்லை என்ற முடிவுக்கு அவனை இழுத்துச் செல்கிறது. அதற்கு அப்பால், கேட்டுப் பயனில்லை என்று துஆவைக் குறைக்கும் இடத்துக்கும் இழுத்துச் செல்கிறது. எனவே, இது மனநிலை பற்றிய சாதாரண விஷயமன்று. ஈமானைத் தொடும் விஷயம்.

தானாக இளமையாயிருப்பது எது?

ஆதமின் மகனுக்கு வயது ஏற ஏற, அவனிடம் இரண்டு மட்டும் இளமையாகவே இருக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஒன்று பொருளாசை, மற்றொன்று ஆயுளாசை. புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் இடம்பெற்ற ஹதீஸ் இது.

இதன் ஆழத்தைச் சிந்தித்துப் பாருங்கள். தலை நரைக்கிறது, பார்வை மங்குகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஆனால், ‘இன்னொரு மனை வாங்கலாமா?’ என்ற ஆசைக்கு மட்டும் இருபது வயதுதான்! அதற்கு எவரும் உரமிட வேண்டியதில்லை, தானே தழைக்கும். நன்மை நடக்கும் என்ற நம்பிக்கையோ அப்படித் தானாக இளமையாயிராது. அதை நாம்தாம் பேண வேண்டும். தானாக வளர்வது களை; நாம் பேணி வளர்ப்பது பயிர்.

இளைஞனுக்கு நம்பிக்கை எளிது. அவனுக்கு இன்னும் கதவுகள் அடைபடவில்லை. விண்ணப்பங்கள் திரும்பி வரவில்லை. நம்பிய மனிதர் கைவிடவில்லை. அவனுடைய நம்பிக்கையில் பாதி, உலகை அறியாததால் வந்தது. இதையெல்லாம் கண்ட பிறகும் ஒருவர் ‘என் ரப்பு நன்மையே நாடுவான், என் உழைப்பு வீண்போகாது’ என்று நின்றால், அந்த நம்பிக்கை அறிந்து வைத்த நம்பிக்கை. அது வயதின் கொடையன்று, இபாதத். ஆகவே, இளமையில் இருந்த அதே நம்பிக்கையைத் திரும்பத் தேடி வருந்த வேண்டாம். அதைவிட மேலான ஒன்றை அடையும் வயதில் நாம் இருக்கிறோம்.

ஆசை வேறு, ஆதரவு வேறு

‘அப்படியானால் எப்போதும் நல்லதே நடக்கும் என்று கற்பனை செய்துகொண்டிருக்க வேண்டுமா?’ என்று கேட்கலாம். இல்லை. மார்க்கம் இதை நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுகிறது. ‘ரஜா’ என்பது அல்லாஹ்விடம் ஆதரவு வைத்தல். ‘தமன்னீ’ என்பது உழைப்பின்றி வெறுமனே ஆசைப்படுதல். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆனால் வானுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் இரண்டுக்கும் இடையே உண்டு.

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது ‘இஹ்யா’வில் இதற்கு ஓர் உழவனை உதாரணம் காட்டுகிறார்கள். நல்ல நிலத்தைத் தேர்ந்து, தரமான விதையை விதைத்து, நீர் பாய்ச்சி, களை பறித்து, அதன்பின் விளைச்சலை அல்லாஹ்விடம் எதிர்பார்ப்பவனே ஆதரவு வைத்தவன். நீரேறாத கட்டாந்தரையில் விதையைப் போட்டுவிட்டு, எட்டிப் பார்க்காமல் அறுவடைக்குக் காத்திருப்பவன் ஏமாளி.

அனுபவசாலிகளில் பலர் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் தாவுகிறார்கள். வாலிபத்தில் உழைப்பின்றி ஆசைப்பட்டார்கள், அது பொய்த்தது. பொய்த்ததும் விதைப்பதையே விட்டுவிட்டார்கள்! ஆசை பொய்த்ததற்கு ஆதரவின் மீது பழி போடுவது நியாயமா?

அனுபவத்தை மார்க்கம் தள்ளி வைக்கவும் இல்லை. ஒரு முஃமின் ஒரே பொந்தில் இரண்டு முறை கொட்டுப்பட மாட்டான் என்பது நபிமொழி. பட்டதிலிருந்து பாடம் கற்க வேண்டும். பாம்புப் பொந்தை நினைவில் வைக்க வேண்டும். ஆனால், ஒரு பொந்தில் பாம்பு இருந்தது என்பதற்காகப் பாதையில் நடப்பதையே நிறுத்திவிடச் சொல்லவில்லை.

யஃகூப் நபி (அலை) காட்டிய வழி

எச்சரிக்கையும் நம்பிக்கையும் ஒரே உள்ளத்தில் எப்படிச் சேர்ந்து வாழும் என்பதைக் காண விரும்புவோர் ‘யூசுஃப்’ அத்தியாயத்தைத் திறந்து, யூசுஃப் (அலை) அவர்களை விட்டு, அவர்களின் தந்தையைக் கவனித்து ஓதிப் பாருங்கள்.

ஹஜ்ரத் யஃகூப் (அலை) அவர்கள் ஒரு மகனைப் பறிகொடுத்தார்கள். அழைத்துச் சென்றவர்கள் வேற்றார் அல்லர், சொந்தப் பிள்ளைகள். ஆண்டுகள் கடந்து, பஞ்ச காலத்தில், அதே பிள்ளைகள் வந்து இளையவர் புன்யாமீனையும் எங்களோடு மிஸ்ருக்கு அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். முன்பு இவனுடைய சகோதரன் விஷயத்தில் உங்களை நம்பியது போலத்தானே இப்போதும் நம்ப வேண்டும் என்று தந்தை திருப்பிக் கேட்கிறார்கள். அது அனுபவத்தின் கேள்வி! அதோடு விட்டார்களா? அல்லாஹ்வின் பெயரால் உறுதிமொழி வாங்குகிறார்கள். எல்லோரும் ஒரே வாசலில் நுழையாதீர்கள், வெவ்வேறு வாசல்களால் செல்லுங்கள் என்று யோசனை சொல்கிறார்கள். எச்சரிக்கை முழுவதும் செய்தார்கள்; அதன்பின் அனுப்பி வைத்தார்கள்.

இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று? புன்யாமீனும் திரும்பவில்லை. இந்த இடத்தில் நம்மில் ஒருவர் இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? ‘எனக்கு அப்போதே தெரியும்!’ என்றிருப்போம். யஃகூப் (அலை) அவர்களோ அழகிய பொறுமையை மேற்கொண்டு, எல்லோரையுமே அல்லாஹ் என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பான் என்று ஆதரவு வைத்தார்கள். இழந்தது இரண்டாமவர், நம்பிக்கையோ எல்லோருக்குமாக!

அவர்கள் துயரப்படாமல் இல்லை. அழுதழுது கண்கள் வெளுத்தன என்று திருமறையே கூறுகிறது. ஆகவே, நம்பிக்கை உள்ளவன் கலங்கமாட்டான் என்று எவரும் எண்ண வேண்டாம். கண் வெளுக்கும் அளவுக்கு அழுதவர் ஒரு நபி! ஆனால், தம் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாக அவர்கள் அறிவித்தார்கள். நாம் முறையீட்டை எங்கே கொண்டு போய்ச் சேர்க்கிறோம்? தேநீர்க் கடையிலும், ரயில் பெட்டியிலும், சாப்பாட்டு விரிப்பிலும் இறக்கி வைக்கிறோம். சேர வேண்டிய இடத்தில் சேர்க்காத கடிதத்துக்குப் பதில் எப்படி வரும்?

அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த வரலாற்றின் உச்சம். நீங்கள் போய் யூசுஃபையும் அவருடைய சகோதரரையும் தேடுங்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று பிள்ளைகளைப் பணித்தார்கள். தேடுமாறு சொன்னது முதலில். நிராசை கூடாது என்றது அதன்பின். நம்பிக்கை என்பது வீட்டில் அமர்ந்து மனத்தைத் தேற்றிக்கொள்வதன்று, எழுந்து தேடுவது. யாரை அனுப்பினார்கள்? தம்மை இருமுறை வேதனைப்படுத்திய அதே பிள்ளைகளை! அவர்கள் திருந்துவார்கள் என்ற ஆதரவையும் அந்தத் தந்தை விடவில்லை. முடிவில், அருகில் இருந்தோர் பழைய பிரமை என்று பேசிக்கொண்டிருந்தபோதே நற்செய்தி வந்தது, பார்வையும் திரும்பியது.

தாயிஃபிலிருந்து திரும்பும் வழியில்

நமது நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலும் இதைக் காண்கிறோம். தாயிஃபுக்குச் சென்றபோது அவர்களுக்கு வயது ஏறத்தாழ ஐம்பது. பத்தாண்டுகள் மக்காவில் அழைப்புப் பணி செய்தாயிற்று. துணைவியார் கதீஜா (ரலி) அவர்களும், ஆதரித்து நின்ற பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்துவிட்டார்கள். தாயிஃப் மக்களோ கல்லெறிந்து விரட்டினார்கள். உஹதுப் போரின் நாளைவிடக் கடினமான நாள் உங்களுக்கு உண்டா என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் கேட்டபோது, இந்த நாளைத்தான் அவர்கள் குறிப்பிட்டார்கள்.

அன்று மலைகளின் பொறுப்பிலுள்ள வானவர் வந்து, இரு மலைகளையும் இவர்கள் மீது கவிழ்க்கட்டுமா என்று அனுமதி கேட்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்தார்கள். இவர்களின் சந்ததியிலிருந்து, அல்லாஹ்வை மட்டுமே வணங்குகிறவர்களை அவன் வெளிப்படுத்துவான் என்று ஆதரவு வைத்தார்கள். எதிரே நிற்பவர்களிடம் நம்பிக்கைக்கு இடமில்லாதபோது, இன்னும் பிறக்காதவர்கள் மீது நம்பிக்கை வைத்த உள்ளம் அது!

‘மக்கள் நாசமாய்ப் போனார்கள்’ என்று சொல்கிறவரே அவர்களில் அதிகம் நாசமானவர் என்ற கருத்துள்ள ஹதீஸை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். காலம் கெட்டுவிட்டது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் உருப்பட மாட்டார்கள் என்று பேசும் நாம், நாயகம் (ஸல்) அவர்களின் இந்த எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டாமா?

இராமேசுவரம் தந்த உதாரணம்

அவர்கள் நபிமார்கள், நாம் சாமானியர்கள் என்று சொல்லி நழுவுவதற்கும் வழியில்லை. நம் காலத்தில், நம் மண்ணில், நம்மவரிலேயே ஒருவரை அல்லாஹ் காட்டினான்.

1931-இல் இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாபுதீன் மரைக்காயரின் மகனாகப் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், சென்னைக் குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார்கள். விமானியாக வேண்டும் என்பது வாலிபக் கனவு. விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களே இருந்தன. அவர்களுக்குக் கிடைத்ததோ ஒன்பதாம் இடம். அந்தக் கதவு அடைபட்டது. அடைபட்ட கதவின் முன்னே உட்கார்ந்துவிடாமல் வேறு கதவைத் தட்டினார்கள்.

இது இளமைக் கதை. நாம் கவனிக்க வேண்டியது அவர்களின் நடுவயதை. 1979 ஆகஸ்டு 10 அன்று, நாற்பத்தேழு வயதில், அவர்கள் தலைமையில் உருவான எஸ்.எல்.வி-3 ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும்பியது. பல ஆண்டு உழைப்பு. இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாடு தவறி, 317 வினாடிகளில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்த தோல்வி!

அதன்பின் நடந்த இரண்டு காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது: நிபுணர்கள் குழுவாய் அமர்ந்து, எங்கே பிசகியது என்று தேடினார்கள். கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதாகி, அமிலம் கசிந்து போயிருந்தது தெரிந்தது. ‘ராக்கெட் நமக்கு வராது’ என்பது நிராசை. ‘அடுத்த முறை தானாகச் சரியாகிவிடும்’ என்பது வெற்று ஆசை. ‘எந்த வால்வு?’ என்று தேடுவதே ஆதரவு! யஃகூப் (அலை) அவர்கள் தம் பிள்ளைகளைத் தேடப் பணித்தார்களே, அந்தப் பாடம் இங்கே ஒரு தொழிற்கூடத்தில் நமக்குத் தெரிகிறது.

இரண்டாவது: அன்று விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் பேராசிரியர் சதீஷ் தவான். தோல்வியடைந்த அன்று, பத்திரிகையாளர்களை அவரே சந்தித்துப் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18 அன்று, அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, பத்திரிகையாளர்களிடம் பேசும் கௌரவத்தைக் கலாம் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். இதைக் கலாம் அவர்கள் தம் ஆயுள் முழுவதும் மேடைதோறும் நன்றியோடு சொல்லி வந்தார்கள்.

நம்பிக்கை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்கு எப்படிப் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா? மூத்தவர் ‘நம்பிக்கையோடு இரு’ என்று உபதேசம் செய்யவில்லை. தோல்வியைத் தாம் சுமந்தார். வெற்றியை இளையவருக்குக் கொடுத்தார். அந்த ஒரு செயல் போதுமானதாயிற்று.

கலாம் அவர்கள் குடியரசுத் தலைவராவதற்கு முன், எழுபது வயதை எட்டிய நிலையில், கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். 2002 முதல் 2007 வரை நாட்டின் உயர்ந்த பதவியில் இருந்து இறங்கிய பிறகும் மாணவர்களைத் தேடியே சென்றார்கள். 2015 ஜூலை 27 அன்று, எண்பத்து மூன்றாம் வயதில், ஷில்லாங்கில் மாணவர்களிடையே உரையாற்றிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து, வஃபாத்தானார்கள். கியாமத் நாள் வந்துவிட்டாலும், கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடுங்கள் என்ற கருத்தில் வரும் நபிமொழி இங்கே நம் நினைவுக்கு வருகிறது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக!

அசோக் நகருக்குச் சற்றுக் கிழக்கே, தேனாம்பேட்டையில் இன்னொரு சான்று நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய பஷீர் அஹ்மத் ஸயீத் அவர்கள், ஐம்பதைக் கடந்த வயதில், சட்டத்துறையில் பெறக்கூடிய பெயரையெல்லாம் பெற்ற நிலையில், 1955-இல் பெண்களுக்கென அங்கே ஒரு கல்லூரியைத் தொடங்கினார்கள். இன்று அது அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது. ‘சம்பாதித்தது போதும், ஓய்ந்திருப்போம்’ என்று எண்ணியிருந்தால் எத்தனை வீடுகளின் பெண்மக்கள் படிக்காமல் போயிருப்பார்கள்!

பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை

இதைப் படிப்பவர்களில் உண்மையாகவே அநீதி இழைக்கப்பட்டவர்கள் இருப்பார்கள். தகுதியிருந்தும் பதவி உயர்வு மறுக்கப்பட்டவர்கள், தாம் செய்த வேலைக்குப் பிறர் பெயர் வாங்கிச் சென்றதைக் கண்டவர்கள், நாற்பத்தைந்து வயதில் நிறுவனம் ஆள்குறைப்புச் செய்ததால் வீட்டில் அமர்ந்தவர்கள் ஆகியோரின் வேதனையை நாம் இலேசாக எண்ணவில்லை.

அவர்களுக்கு ஒன்று சொல்வோம். உங்களைக் கைவிட்டது யார்? மேலதிகாரி கைவிட்டார், நிறுவனம் கைவிட்டது. அவர்கள் மீது வைத்த நம்பிக்கை உடைந்தது உண்மை. ஆனால், ரஜ்ஜாக்காகிய அல்லாஹ் உங்களைக் கைவிட்டதாக எந்தக் கடிதமும் வரவில்லையே! அடியான் தன்னைப் பற்றி எப்படி எண்ணுகிறானோ அப்படியே தான் அவனுக்கு இருப்பதாக அல்லாஹ் அறிவிப்பது ஹதீஸ் குத்ஸியில் வந்திருக்கிறது. மனிதர்கள் கெடுத்த கணக்கை அல்லாஹ்வின் பேரேட்டில் எழுதிவிடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

இனி, நடைமுறையில் எதைச் செய்வது என்று பார்ப்போம்.

ஒன்று: நிய்யத்தைப் புதுப்பித்தல். வேலையில் சேர்ந்த முதல் நாள் என்ன எண்ணத்தோடு போனோம்? வருஷங்கள் ஓட ஓட நிய்யத் கரைந்து பழக்கம் மட்டும் மிஞ்சிவிடுகிறது. சுபுஹு தொழுததும், ‘யா அல்லாஹ்! இன்றைய உழைப்பை என் குடும்பத்துக்கு ஹலாலான உணவாகவும், உன் படைப்புகளுக்குப் பயனாகவும் ஆக்கு’ என்று எண்ணிக்கொண்டு புறப்பட வேண்டும். டாக்டருக்கு வரும் ஆயிரமாவது நோயாளியும், அந்த நோயாளிக்கு முதல் தடவை வந்த நோயோடுதான் வருகிறார் அல்லவா?

இரண்டு: நாவைப் பேணுதல். வீட்டில் தொழிலைப் பற்றிப் பேசும்போது புலம்பலை மட்டும் கொட்டாதிருக்க வேண்டும். இன்று நடந்த ஒரு நல்ல காரியத்தையாவது பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நல்ல சொல்லை நற்குறியாகக் கொள்வது நாயகம் (ஸல்) அவர்களுக்கு விருப்பமானது. பிள்ளை ஒரு யோசனை சொன்னால், ‘நடக்காது’ என்று முடித்துவிடாமல், ‘இதில் எங்கே சிக்கல் வரும் தெரியுமா? அதை எப்படிச் சமாளிப்பாய்?’ என்று கேளுங்கள். அனுபவமும் வீணாகாது, விளக்கும் அணையாது.

மூன்று: கற்பதை நிறுத்தாதிருத்தல். ஸஹாபாப் பெருமக்கள் முதிய வயதிலும் கல்வி கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வி பற்றிய பாடத்தில் குறிப்பிடுகிறார்கள். புதிய இயந்திரமோ புதிய முறையோ வந்தால், ‘எங்கள் காலத்தில் இது இல்லாமலே நடந்தது’ என்று ஒதுங்காமல், வயதில் இளையவரிடம் கேட்டுக் கற்பதில் வெட்கமில்லை.

நான்கு: இளையவர்களை முன்னே அமர்த்துதல். உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் பங்கு பெற்ற பெரியவர்களின் சபையில், வாலிபரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமர வைத்தார்கள். சிலர் மனம் சுளித்தபோதும் அந்த வழக்கத்தை விடவில்லை. நம் அலுவலகத்தில் மட்டுமன்றி, நம் மஹல்லாவின் நிர்வாகத்திலும் இதைக் கடைப்பிடித்தால் எவ்வளவு நன்மை விளையும்!

ஐந்து: தோல்விக்குப் பின் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்ற புலம்பலை விடுதல். உனக்குப் பயன் தருவதில் முனைந்து நில், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாமையில் சோர்ந்துவிடாதே என்றும், நடந்தபின் ‘அப்படிச் செய்திருந்தால்’ என்று சொல்வது ஷைத்தானின் வேலைக்கு வழி திறந்துவிடும் என்றும் நபிமொழி வழிகாட்டுகிறது. பிழையைத் தேடித் திருத்துவது வேறு. போனதை நினைத்து உருகுவது வேறு.

ஆறு: துஆ. கவலையை விட்டும் துக்கத்தை விட்டும், இயலாமையை விட்டும் சோம்பலை விட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதாக, அவர்களுக்கு ஊழியம் செய்த அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்த துஆவை மனனம் செய்து, காலையிலும் மாலையிலும் ஓதி வாருங்கள், பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

இல்லத்தரசிகளே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. வேலையிலிருந்து முகம் வாடித் திரும்பும் கணவரிடமோ மகளிடமோ, ‘உங்களுக்கு எப்போதுமே இப்படித்தான்’ என்று சொல்வதற்கும், ‘ஒளுச் செய்து தொழுதுவிட்டு வாருங்கள், பேசுவோம்’ என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. முதல் வஹீ இறங்கிய நாளில் நடுங்கியவாறு வீடு திரும்பிய நாயகம் (ஸல்) அவர்களை, அல்லாஹ் உங்களை ஒருபோதும் இழிவுபடுத்த மாட்டான் என்று தேற்றியவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்கள். வீட்டின் நம்பிக்கை பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் நாவிலிருந்துதான் புறப்படுகிறது.

அருமைச் சகோதர சகோதரிகளே! தலைமயிர் நரைப்பது அல்லாஹ்வின் நியதி. அதில் நமக்கு அதிகாரம் இல்லை. எலும்பு தளர்ந்து தலை நரையால் மின்னும் நிலையிலும், ‘என் ரப்பே! உன்னிடம் கேட்டு நான் ஏமாந்ததில்லை’ என்ற கருத்தில் கையேந்தினார்கள் ஜக்கரிய்யா நபி (அலை) அவர்கள். அந்த வயதில் கேட்டுத்தான் யஹ்யா நபி (அலை) அவர்களைப் பெற்றார்கள். நம் கையும் அப்படி ஏந்திய கையாகவே இருக்கட்டும். இன்றிரவு நம் பிள்ளை ஒரு புதிய எண்ணத்தோடு நம் எதிரே வந்து உட்கார்ந்தால், அந்த விளக்குக்கு எண்ணெய் வார்ப்போம், ஊதிவிட வேண்டாம்.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களை நிராசை என்னும் நோயை விட்டும் காப்பானாக! நம் அனுபவத்தை நம் மக்களுக்கு வழிகாட்டும் வெளிச்சமாக ஆக்குவானாக! இறுதி மூச்சுவரை உழைத்துக்கொண்டும், அவனிடமே ஆதரவு வைத்துக்கொண்டும் வாழ்ந்து, ஈமானோடு அவனைச் சந்திக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.